மூடை நிறுக்கும் தராசால் மோட்டார் வாங்கலாம்

இந்த வாரம் ஒரு தள்ளுவண்டிலின் கதையைச் சொல்லப் போகிறேன். கதையில் எனக்கு நட்டமும் உண்டு, வெட்கமும் உண்டு. நீங்கள் அதே பிழையை விடாமல் இருந்தால் அதுவே எனக்கு இலாபம்.

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் வடக்கே 12, 13 கிலோமீற்றர் போனால் ஓமந்தை. எங்கள் வயதுக்காரருக்கு ஓமந்தை என்றதும் சோதனைச்சாவடிதான் ஞாபகம் வரும். 2002ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தின் பின் ஏ-9 திறந்தபோது வன்னிக்குள் போகும் வாசல் அதுதான். 2015 ஓகஸ்டில்தான் அந்தச் சாவடியை எடுத்தார்கள். அந்த வழியால் சாமான் கொண்டுபோன வியாபாரி ஒரு பாடத்தை மறக்கமாட்டான். சாமானுக்கு விலை ஏறுவது லொறி ஓடும்போதல்ல, இறக்கி ஏற்றும்போது. ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் கூலி, நேரம், கிழிந்த சாக்கு, சிந்திய தானியம் என்று நாலு செலவு சேரும்.

சாவடி போய்விட்டது. ஆனால் என் வியாபாரத்தில் இறக்கி ஏற்றும் செலவு போகவில்லை. ஓமந்தையில் நெல், உழுந்து, கச்சான், எள்ளு வாங்கிச் சேர்த்து வைக்க ஒரு சிறிய ஸ்டோர் எடுத்திருக்கிறேன். வாடகை குறைவு என்று பிரதான வீதியிலிருந்து 200 மீற்றர் உள்ளே எடுத்தேன். மாரி தொடங்கினால் அந்த ஒழுங்கைக்குள் லொறி வராது. வந்தால் புதையும். ஆகவே லொறி வீதியோரம் நிற்கும், மூடை தள்ளுவண்டிலில் போய்வரும்.

வண்டில் நாங்களே செய்தது. ஆங்கிள் இரும்பை ஒட்டி, பழைய மோட்டார் சைக்கிள் சில்லு நாலு பூட்டி, மேலே பலகை அடித்தோம். வெறும் வண்டில் 80 கிலோ. 60 கிலோ நெல் மூடை ஐந்து ஏற்றினால் எல்லாமாக 380 கிலோ. வெயில் காலத்தில் இரண்டு பேர் தள்ளுவார்கள். மழை பெய்தால் மூன்று பேரும் போதாது.

மோட்டார் என்ற எண்ணம் வந்த விதம்

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டோம். ஜூன் கடைசியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா ஆனது. அத்தியாவசிய சேவைக்கு மட்டும்தான் எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. ஜூலையில் கியூ.ஆர். முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர் என்று தொடங்கினார்கள். ஒழுங்கைக்குள் மூடை இழுத்துத் தரும் லான்ட்மாஸ்டர்காரர் டீசல் இல்லையென்று கையை விரித்தார். முழுப் பாரமும் தள்ளுவண்டிலின் மேல் விழுந்தது.

அதே நேரத்தில் ஆளும் குறைந்தது. 2022இல் மட்டும் வெளிநாட்டு வேலைக்குப் போனவர்கள் 3 இலட்சத்துக்கு மேல். அதில் எங்கள் நாட்டாமி ஒருவனும் போனான். மிஞ்சியவர்கள் இரண்டு பேர். ஒருவர் அறுபது வயதைத் தாண்டிய ஓமந்தைக்காரர். நான் அவரை அண்ணை என்பேன், அவர் என்னை நானா என்பார். மற்றவன் இளம் பொடியன்.

வன்னியில் இயந்திரத்தை மாற்றிப் பூட்டுவது புதுமை அல்ல. 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் இங்கே மோட்டார் சைக்கிளும் காரும் மண்ணெண்ணெயில் ஓடின. ஸ்டார்ட் எடுக்க மட்டும் சில துளி பெற்றோல் விடுவார்கள். பற்றரியும் தடை என்பதால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டார்கள். அண்ணை இதையெல்லாம் நேற்று நடந்ததுபோல் சொல்வார். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வண்டிலுக்கு மின்சார மோட்டார் பூட்டுவது என்ன பெரிய வேலை என்று நினைத்தேன்.

மின்சாரத்தில் ஓடும் மூன்று சில்லு வண்டிகளுக்கு வரும் 48 வோல்ட், 1000 வாட் மோட்டார் ஒன்று, அதற்குரிய கொன்ட்ரோலர், 12 வோல்ட் 20 அம்பியர்-மணி ஈய பற்றரி நாலு வாங்கினேன். வெல்டிங் கடைத் தம்பி ஒரே நாளில் பூட்டித் தந்தார். அன்று அண்ணை வண்டிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"நானா, இதைப் பூட்டினாப் பிறகு மூடைக் கூலி ஆருக்கு? எனக்கோ, மோட்டருக்கோ?"

"பாப்பம் அண்ணை" என்று சொல்லிச் சமாளித்தேன். உண்மையைச் சொன்னால், என் மனதில் இருந்த கணக்கு கூலியைக் குறைக்கும் கணக்குத்தான்.

நான் விட்ட பிழை

முதல் நாள் வெறும் வண்டில் பறந்தது. பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். நானும் பெருமையாக நின்றேன். நாலாம் நாள் ஐந்து மூடையோடு ஸ்டோர் வாசலில் உள்ள சீமெந்து ஏற்றத்தில் வண்டில் ஏறியது. பாதியில் மோட்டார் முனகியது. அளவுக்கு மேல் மின்சாரம் இழுத்ததால் கொன்ட்ரோலர் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டது. மோட்டார் நின்றதும் வண்டில் பின்னால் உருண்டது. வண்டிலில் பிரேக் இல்லை. பின்னால் கை கொடுத்துக்கொண்டு நின்ற அண்ணையின் காலில் சில்லு ஏறியது.

எலும்பு உடையவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் 11 நாள் அவரால் வேலைக்கு வர முடியவில்லை. அந்த 11 நாள் கூலியைக் கொடுத்தேன். மருந்துச் செலவும் கொடுத்தேன். அதைத் தர்மம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பிழை என்னுடையது. கையால் தள்ளிய வண்டிலுக்குப் பிரேக் தேவைப்படவில்லை, ஏனென்றால் மனிதர்கள்தான் பிரேக்காக நின்றார்கள். மோட்டாரைப் பூட்டிய அன்றே பிரேக்கையும் பூட்டியிருக்க வேண்டும்.

ஏன் அப்படி நடந்தது என்று பிறகுதான் விளங்கியது. மோட்டார் பிழையில்லை. வேகத்தைக் கணக்குப் பார்க்காததுதான் பிழை. அந்த மோட்டாரின் வெளித்தண்டு நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று சுற்றும். தம்பி செயின் பல்லுச்சில்லில் 4 மடங்கு மட்டும் குறைத்திருந்தார். அப்படியென்றால் வண்டில் சில்லு நிமிடத்துக்கு 125 சுற்று. 60 சென்ரிமீற்றர் சில்லு ஒரு சுற்றில் ஏறக்குறைய 1.9 மீற்றர் போகும். மணிக்கு 14 கிலோமீற்றர் வேகம் வரும். நடந்து தள்ளும் வண்டிலுக்கு அந்த வேகம் எதற்கு? சைக்கிளில் மேடு ஏறும்போது பெரிய கியரில் மிதித்தால் கால் நின்றுவிடும் அல்லவா, மோட்டாருக்கும் அதுதான் நடந்தது.

தராசு சொன்ன கணக்கு

இரண்டாம் முறை அவசரப்படவில்லை. எத்தனை வாட் மோட்டார் வேண்டும் என்பதை அறிய ஒரு எளிய வழி இருக்கிறது. அதற்கான கருவி தானிய வியாபாரி ஒவ்வொருவரிடமும் இருக்கிறது: மூடை நிறுக்கும் தொங்கு தராசு.

வண்டிலில் வழமையான பாரத்தை ஏற்றுங்கள். தராசின் ஒரு கொழுக்கியை வண்டிலில் மாட்டி, மறு கொழுக்கியில் கயிறு கட்டி, நடக்கும் வேகத்தில் நேராக இழுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது தராசு எத்தனை கிலோ காட்டுகிறது என்று பாருங்கள். அதை 11ஆல் பெருக்கினால், மணிக்கு 4 கிலோமீற்றர் வேகத்தில் போவதற்குத் தேவையான வாட் வரும். செயினிலும் மோட்டாரிலும் வீணாவதற்காக அதில் பாதியைக் கூட்டுங்கள். வருவதற்கு மேலே உள்ள அளவில் மோட்டார் எடுங்கள்.

என் வண்டில் காய்ந்த ஒழுங்கையில் 18 கிலோ காட்டியது. சேற்றில் 35 கிலோ. சீமெந்து ஏற்றத்தில் 45 கிலோ. பெருக்கினால் 198, 385, 495 வாட். ஆகக் கூடியதை எடுத்துப் பாதியைக் கூட்டினால் ஏறக்குறைய 740. என்னிடம் இருந்த 1000 வாட் மோட்டார் தாராளமாகப் போதும்.

இந்தக் கணக்கைப் பார்த்தபோது இன்னொன்றும் உறைத்தது. ஒரு மனிதன் நாள் முழுக்கக் களைக்காமல் கொடுக்கக்கூடிய வலு ஏறக்குறைய 75 வாட் என்பார்கள். சேற்றில் எங்கள் வண்டிலுக்குத் தேவை 385. அதாவது ஐந்து பேரின் வேலையை இத்தனை காலமும் மூன்று பேரிடம் வாங்கியிருக்கிறேன். அண்ணையின் நாரி நோவுக்குக் காரணம் அவருடைய வயது என்றுதான் நினைத்திருந்தேன்.

தராசு இன்னொரு பாடமும் சொல்லித்தந்தது. காற்றுக் குறைந்த சில்லுக்குக் காற்று அடித்து, பெயாரிங்குக்குக் கிரீஸ் போட்டு மறுபடி இழுத்தால் முள் கீழே இறங்குகிறது. ஒழுங்கையின் பள்ளத்துக்கு இரண்டு லோட் கிரவல் போட்டால் இன்னும் இறங்குகிறது. ஆகவே மோட்டாருக்குக் காசு கட்டுவதற்கு முன் சில்லையும் பாதையையும் பாருங்கள். சிலருக்கு அதோடேயே மோட்டார் தேவையில்லாமல் போகலாம். சைக்கிள் சில்லு மெல்லியது, சேற்றில் வெட்டிக்கொண்டு இறங்கும். அகலமான சில்லுத்தான் பாரத்துக்கு நல்லது.

மறுபடி பூட்டிய விதம்

முதலில் பிரேக். பழைய மோட்டார் சைக்கிள் சில்லென்பதால் டிரம் உள்ளேயே இருந்தது. பின்சில்லு இரண்டுக்கும் கம்பி இழுத்து ஒரு பிடியில் சேர்த்தோம். பிடியை அமத்தினால் பிரேக் விடும், கையை விட்டால் பிரேக் பிடிக்கும் என்று ஸ்பிரிங் வைத்தோம். ஆள் தடுக்கி விழுந்தாலும் வண்டில் தானாக நிற்கும்.

அடுத்தது வேகம். சில்லு நிமிடத்துக்கு 35 சுற்று சுற்றினால் நடக்கும் வேகம். 500ஐ 35ஆல் பிரித்தால் ஏறக்குறைய 14 மடங்கு. ஒரே செயினில் அது முடியாது. நடுவில் ஒரு தண்டு வைத்து, முதல் செயினில் 4 மடங்கும் இரண்டாம் செயினில் மூன்றரை மடங்கும் குறைத்தோம். இப்போது ஐந்து மூடையோடு அதே ஏற்றத்தில் மோட்டார் முனகாமல் ஏறுகிறது. செயினுக்குத் தகர மூடி கட்டாயம். சாரன் கட்டி வேலை செய்யும் இடம் நம்முடையது, மறக்க வேண்டாம்.

மூன்றாவது மின்சாரம். பற்றரிக்குப் பக்கத்திலேயே பியூஸ், கைக்கு எட்டும் இடத்தில் பெரிய சிவப்பு நிறுத்து ஆளி, கொன்ட்ரோலருக்கு மழைத்தண்ணீர் போகாத பெட்டி. ஈய பற்றரி சார்ஜ் ஆகும்போது தீப்பற்றும் வாயு வெளிவரும். ஆகவே காற்றோட்டமான இடத்தில், சாக்கிலிருந்து தள்ளி வைத்து, ட்ரிப் ஸ்விட்ச் உள்ள இணைப்பில் சார்ஜ் செய்யுங்கள். பக்கத்தில் பீடி, சிகரட் கூடாது.

இந்த நாலு பற்றரியில் உள்ள மின்சாரம் 960 வாட்-மணி. ஈய பற்றரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் கெடும். பாதியை மட்டும் எடுத்தாலும் காய்ந்த நாளில் 100 மூடை, அதாவது 20 நடை, போய்வருகிறது. சேறென்றால் 50, 60 மூடைதான். இரவில் சார்ஜ் செய்ய முக்கால் யூனிட் அளவில் போகிறது. உங்கள் மின்சாரப் பட்டியலில் ஒரு யூனிட் என்ன விலையென்று பார்த்து நீங்களே கணக்குப் பண்ணுங்கள். உண்மையான செலவு மின்சாரத்தில் இல்லை, பற்றரியில்தான். வன்னி வெக்கையில் ஈய பற்றரி சீக்கிரம் தளரும். லிதியம் அயன் பொஸ்பேற் பற்றரிக்கு முதல் கூட, ஆனால் பாரம் குறைவு, பல மடங்கு தடவை சார்ஜ் தாங்கும். என் ஈய பற்றரி முடிந்ததும் அதற்குத்தான் மாறுவேன்.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

இங்கிலாந்தில் அதிகாலையில் வீடு வீடாகப் பால் போத்தல் வைத்த வண்டிகள் பல பத்தாண்டுகள் ஈய பற்றரியில்தான் ஓடின. பெற்றோல் தாராளமாகக் கிடைத்த காலத்திலும் ஓடின. காரணம் எளிது. தூரம் குறைவு, அடிக்கொரு தடவை நிற்க வேண்டும், வேகம் தேவையில்லை, வேலை முடிந்ததும் அதே கொட்டிலுக்குத் திரும்பி வரும். உங்கள் வேலையில் இந்த நாலும் இருந்தால் மின்சார வண்டில் பொருந்தும். ஸ்டோர், ஆலை, மரக்காலை, செங்கல் சூளை, கோழிப்பண்ணை, சந்தை எல்லாம் இதில் அடங்கும். ஓமந்தையிலிருந்து வவுனியாவுக்கு மூடை கொண்டுபோக நினைத்தால் பொருந்தாது. அதற்கு லொறிதான்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். மோட்டார் பூட்டிய வண்டில் பொது வீதியில் ஏறினால் அது மோட்டார் வாகனம். பதிவும் காப்புறுதியும் கேட்பார்கள். வீட்டில் செய்த வண்டிலுக்கு அது இலேசில் கிடைக்காது. டில்லியில் 2010 அளவில் ஈ-ரிக்‌ஷாக்கள் இப்படித்தான் சட்டத்துக்கு வெளியே பெருகின. 2014இல் அங்குள்ள உயர் நீதிமன்றம் தடைசெய்தது. அதை ஓட்டிப் பிழைத்தவர்கள் தெருவில் நின்றார்கள். 2015இல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் ஓட்டுநர் அனுமதி, வேகக் கட்டுப்பாடு என்ற ஒழுங்குக்குள் வந்தது. நம் வண்டில் வளவுக்குள்ளும் ஒழுங்கைக்குள்ளும் இருக்கட்டும். ஏ-9 ஓரத்தில் கூட என் வண்டில் தார் மேல் ஏறாது, லொறிதான் ஒழுங்கை வாசலுக்கு வந்து நிற்கும். உங்கள் இடத்துக்கு என்ன விதி என்று மோட்டார் போக்குவரத்துத் திணைக்கள அலுவலகத்தில் ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

கூலி ஆருக்கு?

காயம் ஆறி அண்ணை வேலைக்கு வந்த அன்று, அவருடைய கேள்விக்குப் பதில் சொன்னேன். மூடைக் கூலி பழையபடி மூடைக்குத்தான், அதில் ஒரு சதமும் குறையாது. வண்டிலின் பிடி அவர் கையில். ஏற்றும் வேலை பொடியனுக்கு. மூன்றாம் ஆளைத் தேடுவதில்லை, ஆள் கிடைப்பதுமில்லை. மூன்றாக இருந்த பங்கு இப்போது இரண்டு.

ஒரு வியாபாரச் சிநேகிதர் கேட்டார்: "கூலியைக் குறைக்காட்டி மோட்டருக்குப் போட்ட காசு எப்ப வாப்பா திரும்பி வாற?"

நியாயமான கேள்வி. என் கணக்கைச் சொல்கிறேன். காலை 8 மணிக்கு வரும் லொறி மாரியில் அஸர் நேரம் வரை நிற்கும். இப்போது காய்ந்த நாளில் 12 மணிக்கு முன் புறப்படுகிறது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்கு முன் வேலை முடிகிறது. லொறிக்காரர் காத்துநிற்கும் காசு கேட்பதில்லை. மழை இருட்டும்போது வீதியோரம் அடுக்கிய மூடை நனைவதில்லை. நனைந்த ஒரு உழுந்து மூடையின் நட்டம் எத்தனை நாள் கூலி என்று தானிய வியாபாரிக்கு நான் சொல்லத் தேவையில்லை. போட்ட காசு இந்த மூன்று வழியால்தான் வருகிறது. மெதுவாக வருகிறது, ஆனால் வருகிறது.

வியர்வை உலர முன் கூலியைக் கொடு என்று சிறுவயதிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். மோட்டார் வந்தால் வியர்வை குறையும். வியர்வை குறைந்தது என்று கூலியையும் குறைக்கலாம் என்று மனம் சொல்லும். என் மனமும் சொன்னது. ஆனால் மூடையின் நிறை குறையவில்லையே. அதை வீதிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பும் குறையவில்லை.

கடந்த மாரியிலும் அண்ணைதான் வண்டில் பிடித்தார். ஏற்றத்துக்கு வந்ததும் ஒரு நிமிடம் நிறுத்துவார். பிடியை விட்டு, பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே ஏற்றுவார். யாரும் அவருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அவருடைய கால் சொல்லிக்கொடுத்தது.

உங்கள் வண்டிலுக்கு மோட்டார் பூட்ட நினைத்தால், முதலில் தராசை எடுங்கள். பிறகு பிரேக்கைப் பூட்டுங்கள். பிறகு உங்கள் நாட்டாமியோடு உட்கார்ந்து கூலியைப் பேசி முடியுங்கள். மோட்டார் கடைக்கு அதற்குப் பிறகு போகலாம்.